2016-ம் ஆண்டுக் கோடையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளும்

மே மாதக் கடைசியில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் முடிந்து, ஆகஸ்டில் மறுபடியும் பந்து உருளும் வரை இருக்கும் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் கால்பந்து ரசிகர்களின் வாய் ஓய்வதே இல்லை. ஆட்டம் நடக்கும்போது கண்ணுக்கு வேலை இருப்பதால் பேச்சு தானாகவே குறைந்துவிடுகிறது. ஆட்டம் இல்லாத நாட்களிலோ, எந்த வீரர் எந்த கிளப்புக்குப் போகிறார், எவ்வளவு தொகை, அவர் வந்தால் கோப்பை யாருக்கு என்ற பேச்சு காலைத் தேநீரிலிருந்து இரவுச் சாப்பாடு வரை ஓடுகிறது. நானும் பல ஆண்டுகளாக இந்தப் பேச்சில் சளைக்காமல் கலந்துகொண்டு வருகிறேன். என் கணிப்பு பலித்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏன் பலிப்பதில்லை என்பது ஓரளவு விளங்கியது 2016-ம் ஆண்டுக் கோடையில்தான், அதுவும் அந்தக் கோடை கழிந்து பல மாதங்களுக்குப் பிறகு.

அப்போது நாங்கள் மூன்று பேர் லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். மூவரில் மூத்தவர் யாழ்ப்பாணத்து அண்ணன். 1999-ல் மான்செஸ்டர் யுனைடெட் ஒரே பருவத்தில் மூன்று கோப்பைகளை வென்ற நாளிலிருந்து அந்த அணியைத் தவிர வேறெதையும் அணியாகவே மதிக்காதவர். இரண்டாமவன் மதுரைக்காரன், என் வயதுக்காரன், செல்சி ரசிகன். நான் ஆர்சனல். பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். பிறந்ததிலிருந்து வெஸ்ட் ஹாம். அந்த அணியின் பழைய மைதானம் எங்கள் ரயில் நிலையத்துக்கு அடுத்த நிலையமான அப்டன் பார்க்கில் இருந்தது. அந்த ஆண்டு மே 10-ம் தேதி யுனைடெட்டை 3-2 என வென்று அந்த மைதானத்தில் தங்கள் கடைசி ஆட்டத்தை முடித்துக்கொண்டு, வெஸ்ட் ஹாம் ஒலிம்பிக் மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. முதியவர் அந்தக் கோடை முழுவதும் வீடு மாறியவரைப் போலவே நடந்துகொண்டார். புதிய வீரர்களைப் பற்றிக் கேட்டால்கூடப் பழைய மைதானத்துக்குத்தான் பேச்சைக் கொண்டுபோவார்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவிடுக்கில் செருகப்பட்டிருந்த பொரித்த கோழிக் கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் மூவரும் எங்கள் கணிப்பை எழுதினோம். முதல் நான்கு இடங்கள் யாருக்கு, அதற்குக் காரணமாகப் போகிற வீரர் யார் என்று ஆளுக்கொரு பத்தி. தாளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினோம். அண்ணன் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, ஆர்சனல், செல்சி என்று எழுதியிருந்தார். நான் சிட்டி, யுனைடெட், ஆர்சனல், செல்சி என்று எழுதினேன். மூன்றாம் இடம் என்பது என் விசுவாசத்துக்கும் என் அறிவுக்கும் நடுவில் ஏற்பட்ட சமரசம். மதுரைக்காரன் தன் அணியையே நான்காம் இடத்தில்தான் வைத்தான். முந்தைய பருவத்தில் நடப்புச் சாம்பியனாகத் தொடங்கிய செல்சி, டிசம்பரில் மேனேஜர் ஜோசே மொரினோவை வேலையிலிருந்து நீக்கி, பத்தாம் இடத்தில் போய் முடித்திருந்தது. பத்திலிருந்து நான்கு என்பதே அவனுக்குப் பேராசையாகப் பட்டது. முந்தைய பருவத்தின் சாம்பியனான லெஸ்டர் சிட்டியை எங்களில் ஒருவரும் எழுதவில்லை, டாட்டன்ஹாமையும் எழுதவில்லை.

அந்தக் கோடையின் பேச்சு முழுவதையும் பால் போக்பா எடுத்துக்கொண்டார். 2012-ல் ஏறக்குறைய இலவசமாக யுனைடெட்டை விட்டு யுவென்டஸுக்குப் போன பையனை, அதே யுனைடெட் 8.9 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அன்றைய தேதியில் உலகிலேயே அதிகமான தொகை அது. மொரினோ அங்கே மேனேஜராக வந்திருந்தார், ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் தொகை ஏதுமின்றி வந்து சேர்ந்திருந்தார், எதிரே சிட்டியில் பெப் குவார்டியோலா மேனேஜராக வந்திருந்தார். மான்செஸ்டரில்தான் கோப்பை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான் ஏதாவது குறை சொல்ல வாயெடுத்தால் அண்ணன், “கதைய விடும் தம்பி, போக்பா வரட்டும், பிறகு பாப்பம்” என்று முடித்துவிடுவார்.

என் ஆசை வேறு இடத்தில் இருந்தது. ஜூன் மாதத்தில் ஆர்சனல் லெஸ்டரின் ஜேமி வார்டியைக் கேட்டது. அவர் வர மறுத்துவிட்டார். முந்தைய பருவத்தில் 24 கோல் அடித்தவர், அதில் பதினொரு ஆட்டங்களில் தொடர்ந்து கோல் போட்டுச் சாதனை படைத்தவர் கையைவிட்டுப் போகிறாரே என்று நான் இரண்டு வாரம் புலம்பினேன். அதே லெஸ்டரிலிருந்து என்கோலோ கான்டே என்ற நடுக்கள வீரரை ஜூலையில் செல்சி சுமார் 3.2 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது, எனக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. ஓர் ஆண்டுக்கு முன்புதான் லெஸ்டர் அவரைப் பிரான்ஸின் கான் கிளப்பிலிருந்து 56 லட்சம் பவுண்டுக்கு வாங்கியிருந்தது. லெஸ்டர் வென்றது வார்டியாலும் ரியாத் மாரெஸாலும் என்று நான் முடிவு செய்திருந்தேன். தாளில் செல்சியின் பெயருக்குப் பக்கத்தில், மதுரைக்காரனைச் சீண்டுவதற்காக, “கான்டே: நன்றாக ஓடுவார்” என்று என் கையால் எழுதினேன். அவனுக்கும் அதில் பெரிய வருத்தம் இல்லை. ஏறத்தாழ அதே விலைக்கு மார்செய்யிலிருந்து வந்த முன்கள வீரர் மிச்சி பாட்சுவாயிதான் அவனுடைய நம்பிக்கை. தன் பத்தியில் அந்தப் பெயரைத்தான் எழுதியிருந்தான். (செல்சியின் புதிய மேனேஜர் ஆன்டோனியோ கோன்டே. கான்டே, கோன்டே என்று தமிழில் எழுதும்போது ஒரு கொம்புதான் வித்தியாசம் என்பதால், அந்த ஆண்டு எங்கள் வாட்ஸ்அப் சண்டைகளில் பாதி எழுத்துப்பிழையால் வந்தவை.)

பருவம் தொடங்கியது. ஆகஸ்ட் 14-ம் தேதி சொந்த மைதானத்தில் ஆர்சனல் லிவர்பூலிடம் 4-3 எனத் தோற்றது. வழக்கமான தற்காப்பு வீரர்களில் மெர்டசாக்கர் காயத்தில், கோசியெல்னி யூரோ போட்டி முடிந்த ஓய்வில். தற்காப்பின் நடுவில் ராப் ஹோல்டிங்கும் கேலம் சேம்பர்ஸும் நின்றார்கள். அந்த இடம் காலியாக இருக்கிறது என்பது ஜூலையிலேயே எல்லோருக்கும் தெரியும், ஆனால் நானோ முன்கள வீரருக்காகப் புலம்பிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் சுமார் மூன்றரைக் கோடி பவுண்டுக்குத் தற்காப்பு வீரர் முஸ்தாபி வந்தார். பிறகு செப்டம்பர் 24 வந்தது. செல்சியை ஆர்சனல் 3-0 என வென்றது. மூன்று கோல்களும் முதல் பாதியிலேயே விழுந்துவிட்டன. நான் எழுந்துபோய்த் தாளில் செல்சியின் பெயரைப் பேனாவால் அடித்தேன். மதுரைக்காரன் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

அன்றைய ஆட்டத்தின் 55-வது நிமிடத்தில் நடந்த ஒன்றை நான் கவனிக்கவே இல்லை. செஸ்க் ஃபாப்ரகாஸை வெளியே எடுத்து மார்கோஸ் அலோன்சோவை உள்ளே அனுப்பிய கோன்டே, தற்காப்பில் மூன்று பேர், இரண்டு ஓரங்களிலும் மேலும் கீழும் ஓடும் விங் பேக்குகள் என்று அணியின் அமைப்பையே மாற்றினார். அடுத்த ஆட்டத்திலிருந்து அதுவே செல்சியின் நிரந்தர அமைப்பானது. மூன்று பேர் தற்காப்பின் நடுவில் நின்றவர், வீரர்களை வாங்கும் சந்தை மூடும் நாளில் பாரிஸிலிருந்து திரும்ப வாங்கப்பட்டு எல்லோருடைய சிரிப்புக்கும் ஆளான டாவிட் லூயிஸ். வலது ஓரத்தில் ஓடியவர் விக்டர் மோசஸ்; 2012-ல் வாங்கப்பட்டு, லிவர்பூல், ஸ்டோக், வெஸ்ட் ஹாம் என்று மூன்று ஆண்டுகள் மூன்று கிளப்புகளுக்கு லோனில் (இரவலாக) அனுப்பப்பட்டவர். முந்தைய பருவம் முழுவதும் அவரைப் பார்த்திருந்த பக்கத்து வீட்டு முதியவரிடம் மதுரைக்காரன் இதைச் சொன்னபோது, எங்கள் மோசஸா, விங் பேக்கா என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

அந்த அமைப்பில் நடுக்களத்தில் நிற்பவர்கள் இரண்டே பேர். விங் பேக்குகள் முன்னேறிவிட்டால் பின்னால் விடப்படும் அகலமான வெளியை அந்த இருவர்தான் காக்க வேண்டும்; சாதாரணமாக அதற்கு மூன்று பேர் தேவைப்படும். கான்டே இருந்ததால் இரண்டு பேர் போதுமானதாக இருந்தது, மிச்சமான ஓர் இடம் முன்களத்துக்குப் போயிற்று. அசார், கோஸ்டா, பெட்ரோ மூவரும் கவலையில்லாமல் தாக்கியது அந்த மிச்சத்தில்தான். எதிரணியின் அடுத்த பாஸ் எங்கே போகும் என்பதை ஊகித்து, பந்து புறப்படும்போதே தானும் புறப்பட்டுவிடும் ஆள் கான்டே. அதனால்தான் அவர் பந்தைப் பறிக்கும் காட்சிகள் தொலைக்காட்சியில் சாதாரணமாகத் தெரியும். பூமியின் பெரும்பகுதியை நீர் மூடியிருக்கிறது, மிச்சத்தைக் கான்டே மூடுகிறார் என்ற வேடிக்கை அப்போது ரசிகர்களிடையே பிரபலமாக இருந்தது.

அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. செல்சியின் மைதானத்துக்கு மொரினோ யுனைடெட்டின் மேனேஜராகத் திரும்பிவந்த ஆட்டம். அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி சமைத்து, ஆட்டம் தொடங்கும் முன்பே பரிமாறிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் நிமிடத்திலேயே, அவர் இன்னும் முதல் கவளத்தை எடுக்காத நேரத்தில், பெட்ரோ கோல் அடித்தார். 70-வது நிமிடத்தில் கான்டே பந்தை எடுத்துக்கொண்டு யுனைடெட்டின் தற்காப்புக்குள் தானே நடந்துபோவது போலப் புகுந்து நான்காவது கோலைப் போட்டார். செல்சிக்காக அவர் அடித்த முதல் கோல் அது. அதே மைதானத்தில் எதிர்ப்பக்கம் போக்பா நின்றுகொண்டிருந்தார், ஏறக்குறைய மூன்று கான்டேக்களின் விலையில். 4-0. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு, கதவை மூடும்போது தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அமைப்பு மாறிய பிறகு செல்சி லீக்கில் தொடர்ந்து பதின்மூன்று ஆட்டங்களை வென்றது. அவற்றில் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரு கோலும் வாங்கவில்லை. பருவ முடிவில் செல்சி 93 புள்ளிகள், டாட்டன்ஹாம் 86, சிட்டி 78, லிவர்பூல் 76, ஆர்சனல் 75, யுனைடெட் 69. முதல் நான்கில் வராததால் ஆர்சனல், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பை இருபது ஆண்டுகளில் முதல் முறையாக இழந்தது. மே கடைசியில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் அதே செல்சியை வென்றதை வைத்து நான் ஓரளவு தலைநிமிர்ந்தேன். யுனைடெட் 15 ஆட்டங்களில் சமநிலையில் முடித்திருந்தது. இலவசமாக வந்த இப்ராஹிமோவிச் லீக்கில் 17 கோல் அடித்தார்; அவர் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

ஆனால் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது மேலே நின்ற செல்சியைவிடக் கீழே இறங்கிய லெஸ்டர்தான். வார்டி போகவில்லை, மாரெஸ் போகவில்லை, மேனேஜர் கிளாடியோ ரானியேரி அங்கேயே இருந்தார். சாம்பியன் அணியின் முதல் பதினொருவரில் போனவர் கான்டே ஒருவர் மட்டுமே. அதே அணி முந்தைய ஆண்டு 81 புள்ளிகள் எடுத்திருந்தது. இந்த முறை 44, பன்னிரண்டாம் இடம். பிப்ரவரி மாதம் கீழ்நிலை லீக்குக்கு இறக்கப்படும் ஆபத்து நெருங்கியபோது ரானியேரியை வேலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். லெஸ்டர் பணத்தைச் சும்மா வைத்திருக்கவில்லை. இஸ்லாம் ஸ்லிமானிக்குத் தன் வரலாற்றிலேயே அதிகமான தொகையைக் கொடுத்தது, அகமது மூசாவை வாங்கியது. இருவரும் முன்கள வீரர்கள். காலியானது நடுக்களம். அதற்கென்று வாங்கிய நாம்பாலிஸ் மெண்டியோ காயத்தில் படுத்துவிட்டார். சந்தையில் ஓர் அணி யாரை வாங்கியது என்று நாங்கள் மூவரும் எண்ணிக்கொண்டிருந்தோமே ஒழிய, எந்த வேலை எந்த அணியிலிருந்து எந்த அணிக்குப் போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரே வேலை லெஸ்டரிலிருந்து செல்சிக்கு இடம் மாறியிருந்தது. இரண்டு அணிகளும் தராசின் இரு தட்டுகள் போல ஒன்று ஏறி ஒன்று இறங்கின.

இதிலும் முழுக்கக் கான்டேயையே காரணமாக்கினால் அது என் பழைய தவற்றின் மறுபக்கம். பத்தாம் இடத்தில் முடித்ததால் செல்சிக்கு அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லை. வாரம் முழுவதும் பயிற்சிக்கு நேரம் கிடைத்தது, ஒரே பதினொருவரை வைத்துத் தொடர்ந்து ஆட முடிந்தது. லெஸ்டர் கோப்பை வென்ற ஆண்டிலும் அப்படித்தான். அடுத்த ஆண்டு அது சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதி வரை போயிற்று. அதற்கான விலையை லீக்கில் கொடுத்தது. கோடைப் பேச்சில் இந்தக் கணக்கு வருவதே இல்லை, ஏனென்றால் நாட்காட்டிக்கு யாரும் பணம் கொடுத்து வாங்குவதில்லை.

காலியிடம் பார்த்து வாங்குவதற்கு நல்ல உதாரணம் அடுத்த கோடையிலேயே கிடைத்தது. குவார்டியோலாவின் முதல் ஆண்டில் சிட்டியின் ஃபுல் பேக்குகளான (தற்காப்பின் இரு ஓரங்களில் ஆடுபவர்கள்) சபலேட்டா, சன்யா, கிளிஷி, கோலரோவ் நால்வரும் முப்பதைத் தாண்டியவர்கள். அவருடைய ஆட்டமோ ஃபுல் பேக்குகளின் காலை நம்பியது. கோல்கீப்பர் கிளாடியோ பிராவோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2017-ல் நால்வரையும் அனுப்பிவிட்டு வாக்கர், பெஞ்சமின் மெண்டி, டானிலோ என்று ஃபுல் பேக்குகளுக்கு மட்டும் 12 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள், எடர்சனைக் கோல்கீப்பராகக் கொண்டுவந்தார்கள். ஃபுல் பேக்குக்கு இவ்வளவு பணமா என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் சிரிப்பு. அந்தப் பருவத்தில் சிட்டி சரியாக 100 புள்ளிகள் எடுத்தது.

இந்தப் பாடத்தை நான் அண்ணனிடம் விளக்கியபோது அவர் வான் பெர்சியைக் கொண்டுவந்தார். ஆர்சனல் ரசிகனிடம் பேசக் கூடாத பெயர் அது. 2011-12ல் எங்களுக்காக லீக்கில் 30 கோல் அடித்தவர், ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு மீதமிருக்கும்போது நீட்டிக்க மறுத்து, 2012 ஆகஸ்டில் 2.4 கோடி பவுண்டுக்கு யுனைடெட்டுக்குப் போனார். முந்தைய பருவத்தில் சிட்டியிடம் புள்ளிகளில் சமமாக நின்று கோல் வித்தியாசத்தில் மட்டும் கோப்பையை இழந்த அணி அது. வந்தவர் 26 கோல் அடித்தார், யுனைடெட் 11 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. பெரிய பெயர், முன்கள வீரர், எல்லோரும் ஆகஸ்டிலேயே சொன்னது அப்படியே பலித்தது. 2013 ஏப்ரலில் ஆர்சனல் மைதானத்திலேயே எங்கள் வீரர்கள் இரு வரிசையாக நின்று கைதட்டி அவரைச் சாம்பியனாக உள்ளே அனுப்பினார்கள். அன்றைக்கும் அவர் பெனால்டியில் ஒரு கோல் போட்டார். அதுவும் ஒரு வேலை ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாறியதுதானே என்று நான் சொன்னேன். “அதைத்தானே நானும் சொல்லுறன்” என்றார் அண்ணன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

2019-ல் நாங்கள் தனித்தனி வீடுகளுக்குப் போயிருந்தோம். நான் மட்டும் ஈஸ்ட் ஹாமிலேயே இருந்தேன். முந்தைய பருவத்தில் 97 புள்ளிகள் எடுத்தும் ஒரே ஒரு புள்ளியில் சிட்டியிடம் கோப்பையை விட்ட லிவர்பூல், அந்தக் கோடையில் இரண்டு இளைஞர்களையும், வெஸ்ட் ஹாமின் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த கோல்கீப்பர் அட்ரியானையும் எடுத்ததோடு ஏறக்குறைய நிறுத்திக்கொண்டது. லிவர்பூல் ரசிகர்கள் கொதித்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முதன்மைக் கோல்கீப்பர் ஆலிசன் காயப்பட்டு வெளியேற, சில நாட்கள் முன்புதான் கையெழுத்திட்ட அட்ரியான் கோல்கம்பத்தில் போய் நின்றார். அடுத்த வாரம் இஸ்தான்புல்லில் செல்சிக்கு எதிரான சூப்பர் கோப்பை ஆட்டத்தில் கடைசிப் பெனால்டியைத் தடுத்தார். அக்டோபரில் ஆலிசன் திரும்பும்வரை லிவர்பூல் லீக்கில் ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. பருவ முடிவில் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு 99 புள்ளிகளோடு சாம்பியனானது. பழைய வீட்டின் பக்கம் போயிருந்தபோது முதியவரைப் பார்த்தேன். வெஸ்ட் ஹாம் யாரை வாங்கியது என்பது அவருக்கு நினைவில்லை. யாரை விட்டது என்பது மட்டும் தேதியோடு நினைவிருந்தது.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, 2024 ஆகஸ்டில் எங்கள் மூவரின் வாட்ஸ்அப் குழுவில் நான் என் கணிப்பை எழுதினேன். லிவர்பூலில் மேனேஜர் யூர்கன் க்ளோப் போய் ஆர்னே ஸ்லாட் வந்திருந்தார். நடுக்களத்துக்குக் கேட்ட சுபிமெண்டி வர மறுத்திருந்தார். அந்தப் பருவத்துக்கென்று வாங்கியது ஃபெடெரிகோ கியேசா ஒருவரைத்தான். இப்படிச் சந்தையில் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் அணிக்கு நான்காம் இடமே அதிகம் என்று மூன்று பத்திகள் எழுதியிருந்தேன். ஏப்ரல் 27-ம் தேதி டாட்டன்ஹாமை 5-1 என வென்று, இன்னும் நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே லிவர்பூல் கோப்பையை உறுதி செய்தது. அன்று மாலை மதுரைக்காரனிடமிருந்து ஒரு படம் வந்தது. மங்கிப்போன கோழிக் கடைத் தாள். அவன் இத்தனை ஆண்டுகள் அதை எங்கே வைத்திருந்தான் என்று தெரியவில்லை. “கான்டே: நன்றாக ஓடுவார்” என்ற வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தான். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இரண்டு நிமிடம் கழித்து அண்ணன் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டார்.